மேடை மேஜிக்: 20 நிமிட நிகழ்ச்சியை அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து ட்ரிக் கைக்கு வந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவிலோ கோயில் திருவிழாவிலோ "ஒரு 20 நிமிஷம் மேஜிக் பண்ணுங்களேன்" என்று கேட்டுவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. எந்த ட்ரிக்கின் ரகசியத்தையும் இங்கே சொல்லவில்லை. ஒரு ஐட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கடக்கும் சில வினாடிகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். புதியவர்களின் ஷோ படுத்துவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

எனக்குப் பத்துப் பதினைந்து ஐட்டம் தெரியும். வரிசையாகச் செய்துவிட்டால் போதாதா?

நேரம் போய்விடும், ஷோ ஆகாது. அப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைக் கீழே உட்கார்ந்து பாருங்கள். ஒரு ட்ரிக் முடிகிறது, கைதட்டுகிறார்கள். மேஜிக்காரர் "நன்றி, நன்றி" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பெட்டிக்குள் குனிகிறார். நமக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. எதையோ உள்ளே வைக்கிறார், எதையோ தேடுகிறார். முன்வரிசைப் பிள்ளைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள். அவர் நிமிர்ந்து அடுத்ததைத் தொடங்கும்போது கூட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. 15 ஐட்டம் என்றால் 14 முறை இந்தக் குனிதல்.

ரொட்டீன் என்றால், முதல் ஐட்டம் முடியும்போது கையில் எது மிஞ்சுகிறதோ அதிலிருந்தே இரண்டாவது கிளம்ப வேண்டும். உதாரணமாக: கையில் இருந்த தடி பட்டுத் துணியாக மாறுகிறது. அந்தத் துணியால் கத்தரிக்கோலைத் துடைக்கிறீர்கள். அந்தக் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டுகிறீர்கள். வெட்டிய கயிறு ஒன்றானதும் அதை, முனையைப் பிடித்து உதவிய சிறுவனின் கழுத்தில் மாலையாகப் போட்டுக் கைதட்டச் சொல்கிறீர்கள். அதே சிறுவன் கையில் எவர்சில்வர் தூக்குவாளியைக் கொடுத்து, காற்றிலிருந்து நாணயம் பிடித்துப் போட ஆரம்பிக்கிறீர்கள். பெட்டியின் பக்கமே போகவில்லை, மூன்றாவது ஐட்டத்துக்கு வந்துவிட்டீர்கள்.

20 நிமிடத்துக்கு எத்தனை ஐட்டம் வேண்டும்?

ஐந்து போதும். ஆறு இருந்தால் கொஞ்சம் நெருக்கடிதான். உலக மேஜிக் போட்டியான ஃபிஸ்மில் மேடைப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பதே 5 முதல் 10 நிமிடம்தான். அந்த ஒரு ஆக்ட்டுக்காகப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு வருகிறார்கள். வேல்ஸ் நாட்டு மேஜிக்காரரான கார்டினி (1895–1973) தன் தொழில் வாழ்க்கை முழுக்க ஏறத்தாழ ஒரே ஆக்ட்டைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தார். புதுசு புதுசாக ஐட்டம் வாங்கிக் குவிப்பது நமக்கெல்லாம் இருக்கும் ஆசை. அதைத் தள்ளிவைத்தால்தான் ரொட்டீன் உருவாகும்.

எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது?

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. எல்லாம் ஒரே சூட்கேசில் அடங்கும்.

முதலில் தடி பட்டுத் துணியாவது, வெறுங்கையிலிருந்து துணிகள் வருவது: 2 நிமிடம், பேச்சு கிடையாது, இசை மட்டும். முதல் ஐட்டத்தைப் புரிந்துகொள்ள யாரும் யோசிக்கக் கூடாது. இன்னும் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவருக்கும் "ஏதோ மாறியது" என்று தெரிந்தால் போதும். சீட்டுக் கட்டை எடுத்து "ஒரு சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவது வீட்டுக் கூடத்துக்குச் சரி. 300 பேர் உட்கார்ந்த மைதானத்தில் அந்தச் சீட்டை மூன்றாம் வரிசைக்கு மேல் யாரும் பார்க்கப்போவதில்லை.

இரண்டாவது கயிறு, 4 நிமிடம். இங்கேதான் முதல் முறையாக வாய் திறக்கிறீர்கள், நீங்கள் யார் என்று காட்டுகிறீர்கள். மூன்றாவது நாணயமும் வாளியும், 5 நிமிடம். இதற்குச் சத்தம்தான் உயிர். நாணயம் வாளியில் விழும் "டங்" கடைசி வரிசை வரை போகும், பிள்ளைகள் கத்துவார்கள். அமெரிக்காவின் நெல்சன் டவுன்ஸ் (1867–1938) "நாணயங்களின் அரசன்" என்று பெயர் வாங்கியது இந்த ஐட்டத்தில்தான். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இது பழசாகவில்லை.

நான்காவது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிரியும் உலோக வளையங்கள், 4 நிமிடம், மறுபடி பேச்சில்லாமல். பிள்ளைகளின் கூச்சலுக்குப் பிறகு கூட்டம் அடங்க வேண்டும். அதற்கு இசையும் உலோகச் சத்தமும் உதவும். கடைசியாகப் பெரியவர்களை உள்ளே இழுக்கும் ஒரு முன்கணிப்பு, 5 நிமிடம். தினசரிக் காலண்டர் ஒன்றை யாராவது ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் விரும்பிய தேதியைக் கிழிக்கிறார். ஷோ தொடங்கியதிலிருந்து எல்லார் கண் முன்னாலும் தொங்கிக்கொண்டிருந்த உறையை வேறொருவர் பிரிக்கிறார். உள்ளே அதே தேதி.

அந்த உறையை முதலிலேயே தொங்கவிடுவதில்தான் காரியம் இருக்கிறது. சந்தை மைதானத்தில் வித்தை காட்டுபவர் "இன்னும் கொஞ்ச நேரத்தில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கீரி ஒரு முளையில் கட்டிக் கிடக்கும், பாம்பு கூடையில் இருக்கும், சண்டை மட்டும் நடக்காது. ஆனாலும் கூட்டம் கலையாது. உறைக்கும் அதே வேலைதான். ஆரம்பத்தில் "இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்" என்று ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அவ்வளவு போதும். ஒரே வித்தியாசம், நீங்கள் சண்டையை நடத்திக் காட்டியாக வேண்டும்.

ஐட்டங்களுக்கு இடையில் பொருள்களை மாற்றுவதுதான் சிக்கலாக இருக்கிறது. அதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இடது கை, வலது கை, கோட்டின் இடது பாக்கெட், வலது பாக்கெட், மேசை, வாலண்டியர் கை என்று தலைப்புப் போடுங்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு வரி: தொடங்கும்போது எங்கே எது இருக்கிறது, முடியும்போது எங்கே எது இருக்கிறது. ஓர் ஐட்டத்தின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நீங்கள் மேடையில் தடுமாறப்போகிறீர்கள் என்று பொருள். தாளில் தீராத சிக்கல் மேடையில் தீராது.

இந்தத் தாளை எழுதும்போதே பல உண்மை வெளிவரும். நாணயத்துக்கும் துணிக்கும் ஒரே பாக்கெட்டை ஒதுக்கியிருப்பீர்கள். கயிறு முடியும்போது இரண்டு கையும் நிறைந்திருக்கும், ஆனால் வாளியை எடுக்கக் கை காலியாக இருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: இடது பக்கம் எடுக்க மட்டும், வலது பக்கம் போட மட்டும். செல்போன், சாவிக் கொத்து, மணிபர்ஸ் மூன்றும் மேடைக்கு வெளியே.

அடுத்தது காரணம். கை ஏன் பாக்கெட்டுக்குள் போகிறது, ஏன் மேசைப் பக்கம் போகிறது என்பதற்குப் பார்ப்பவர் ஏற்கும் ஒரு காரணம் வேண்டும். ஸ்பெயின் மேஜிக்காரர் அர்துரோ தே அஸ்கானியோ (1929–1997) இதை விரிவாக ஆராய்ந்தவர். பெரிய காரியம் ஒன்றுக்காகக் கை போகும்போது, போகிற வழியில் நடக்கும் சின்னக் காரியத்தை மனசு பதிவு செய்வதில்லை என்பது அவருடைய கருத்து. கத்தரிக்கோலை எடுக்கக் கை மேசைக்குப் போனால் எல்லாருக்கும் கத்தரிக்கோல்தான் நினைவிருக்கும். சும்மா மேசைக்குப் போய்விட்டு வந்தால், அந்தக் கை என்ன செய்தது என்று பத்து வயசுப் பையன்கூடக் கேட்பான்.

கைதட்டல் நேரத்தையும் வீணாக்காதீர்கள். ஐட்டம் முடிந்ததும் அசையாமல் நின்று, நிமிர்ந்து, கூட்டத்தைப் பாருங்கள். "முடிந்துவிட்டது, இப்போது தட்டலாம்" என்று உங்கள் உடம்புதான் சொல்ல வேண்டும். கைதட்டல் உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது எல்லாரும் கொஞ்சம் தளர்வார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். பொருளை வைப்பதற்கும் எடுப்பதற்கும் அதைவிட நல்ல நேரம் இல்லை.

இடைவெளியையே ஒரு ஐட்டமாக்கிய பெரிய உதாரணம் பி.சி. சர்க்கார் (1913–1971). அவருடைய "இந்திரஜால்" நிகழ்ச்சியில் ஒரு செம்பு இருந்துகொண்டே இருக்கும். அதிலிருக்கும் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி கொட்டுவார், மறுபடி தண்ணீர் வரும். "வாட்டர் ஆஃப் இந்தியா" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கூடும், அந்தச் சிரிப்புக்குள் மேடையில் மற்ற பொருள்கள் மாறிவிடும். சின்ன ஷோவுக்கும் இது பொருந்தும். ஒரு செம்பு வாங்கினால் மூன்று இடைவெளி நிரம்பிவிடும்.

மேடையில் என்ன பேசுவது? எனக்குப் பேச்சே வராது.

பேசாமல் செய்யலாம், பாதி ஷோவையாவது. மீதிக்குக் கொஞ்சம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாதீர்கள். "இதோ என் கையில் ஒரு சிவப்புத் துணி" என்றால், தெரிகிறதே என்றுதான் தோன்றும். "இது சாதாரணக் கயிறு" என்றும் சொல்லாதீர்கள். அதுவரை அந்தக் கயிற்றைச் சந்தேகப்படாதவர்கூட அந்த நொடியில் சந்தேகப்படுவார். சாதாரணக் கயிறு என்றால் சாதாரணமாகக் கையாளுங்கள், தூக்கிப் போடுங்கள், பையன் கையில் கொடுங்கள்.

ஆங்கில வீடியோவில் கேட்ட ஜோக்கைத் தமிழாக்கிச் சொல்வது பெரும்பாலும் எடுபடுவதில்லை. நம்மூர் விஷயம் ஒன்றைப் பிடியுங்கள். நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று கயிறு ஒரே அளவாக மாறும் ட்ரிக் பலருக்கும் தெரிந்ததுதான். அதை ஒரு மொட்டை மாடிக் கதையாகச் சொல்லிப் பாருங்கள்: மூன்று வீட்டுக்கு மூன்று கொடிக்கயிறு. கீழ் வீட்டுக்காரருக்குக் குட்டைக் கயிறு, நாலு பனியன் காயப்போட்டாலே நிரம்பிவிடும். கட்டட உரிமையாளர் வீட்டுக்கு மட்டும் நீளக் கயிறு. சண்டை அசோசியேஷன் செக்ரட்டரியிடம் போகிறது. அவர் மூன்றையும் வாங்கி, ஒரு இழு இழுத்து, "எல்லாருக்கும் சமம், போங்க" என்கிறார். ட்ரிக் மாறவில்லை. ஆனால் கூட்டம் இப்போது கயிற்றைப் பார்க்காமல் செக்ரட்டரியைப் பார்க்கிறது.

உடை எப்படி இருக்க வேண்டும்? கோட்டும் தொப்பியும் கட்டாயமா?

இல்லை. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 1845-இல் பாரிசில் சொந்த அரங்கம் திறந்த ராபர்ட்-ஊதேன், அக்காலத்து மேஜிக்காரர்களின் நீள அங்கியை விட்டுவிட்டு, தன் பார்வையாளர்கள் மாலை விருந்துக்குப் போட்டு வரும் அதே உடையில் மேடையேறினார். அவர் காலத்தில் அது "நானும் உங்களில் ஒருவன்" என்று சொன்ன உடை. இன்றைக்கு நம் ஊர்த் திருவிழாவில் வால் கோட்டு அதைச் சொல்லாது. சர்க்கார் எதிர்த் திசையில் போனார்: மகாராஜா உடை, தலைப்பாகை, அதில் இறகு. வெளிநாட்டுக் கூட்டம் இந்தியாவிடம் எதிர்பார்த்ததை அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

நீங்கள் யாராக நிற்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் உடை தானாக வரும். கார்டினி ஒற்றைக் கண்ணாடி போட்ட, லேசாகத் தள்ளாடும் கனவானாக நடித்தார். சீட்டுகள் அவர் கையில் தாமாக முளைக்கும், அவருக்கே அது தொந்தரவாக இருக்கும். ஒரு வார்த்தை பேசாமலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வேட்டி சட்டையில் மேஜிக் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். ஆனால் பாக்கெட் கணக்கு மாறும், மேலே சொன்ன தாளைப் புதிதாகப் போட வேண்டும்.

மேடை, வெளிச்சம் பற்றி முன்கூட்டியே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

கேட்பதைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பார்ப்பது நல்லது. "பெரிய மேடை சார்" என்பார்கள். போனால் அதில் பாதியை மாலை போட்ட குத்துவிளக்கும் சிறப்பு விருந்தினர் சோபாவும் பிடித்திருக்கும்.

முதலில் பின்னால் பாருங்கள். இப்போது பல மேடைகளில் பின்புறம் எல்இடி திரை இருக்கிறது. அந்த வெளிச்சம் துணி, செய்தித்தாள் எல்லாவற்றையும் ஊடுருவி, உள்ளே எது இருந்தாலும் நிழலாகக் காட்டிவிடும். ஷோ நேரத்தில் திரையை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது கரும்படம் ஒன்றை ஓடவிடச் சொல்லுங்கள். பின்னால் ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்தது. கோயில் மேடை என்றால் பின்பக்க வீட்டு மாடியில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். பள்ளி என்றால் அடுத்த நடனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மேடை ஓரத்திலேயே நிற்பார்கள். கல்யாண வரவேற்பு என்றால் வீடியோகிராபர் உங்களுக்குப் பக்கவாட்டில் வந்து, கைக்கு ஓரடி தூரத்தில் கேமராவை நீட்டுவார். எனவே முன்னால் இருந்து பார்த்தால் மட்டும் தாங்கும், பக்கவாட்டில் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடும் ஐட்டங்களை இந்த இடங்களுக்கு எடுத்துப்போகாதீர்கள். வளையம், கயிறு, நாணயம், முன்கணிப்பு இவை பழகிய கையில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தாங்கும். மேலே அந்த வரிசையைச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கல்யாண வரவேற்பு மேடையைப் பற்றித் தனியாக ஒன்று. மொய்க் கவரும் பரிசுப் பொருளுமாக வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், மணமக்களுக்கு முன்னால் உங்களால் நிற்கவே முடியாது. கீழே ஒரு ஓரத்தில் தனியாகச் சின்ன மேடை கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேசை மேசையாகப் போய்ச் செய்யும் மேஜிக்தான் அங்கே பொருந்தும்.

திறந்தவெளி என்றால் காற்று. துணி, காகிதம் எல்லாம் உங்கள் பேச்சைக் கேட்காது. உறையை இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு ஈசல் மொய்க்கும், வாயைத் திறந்து பேசவே முடியாது. அதற்கு மேஜிக்கில் மருந்து கிடையாது.

மைக், இசை?

கையில் பிடிக்கும் மைக் உங்கள் எதிரி. ஒரு கை போய்விடும். தலையில் மாட்டும் மைக் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள், அரங்கத்து ஆம்ப்ளிஃபயரில் இணைக்க ஒயரும் கூடவே இருக்கட்டும். அது முடியாவிட்டால் ஸ்டாண்டு கேளுங்கள்.

பாட்டுகளை ஓடவிடும் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். வளையங்கள் மெல்லச் சேரும் நேரத்தில் ஸ்பீக்கரில் ரிங்டோன் அலறுவதை நானே கேட்டிருக்கிறேன். பாட்டுக் கோப்புகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். இயக்குபவரிடம் "நான் கையை உயர்த்தி நின்றால் நிறுத்துங்கள்" என்று சைகையோடு சொல்லிவையுங்கள். டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டு என்றால் உரிமம் தேவை. அதை நடத்துபவர் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாலண்டியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எட்டிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள். அதற்குக் கீழே என்றால் மேடையேறியதும் அம்மாவைத் தேடி அழும் வாய்ப்பு உண்டு. அதற்கு மேலே என்றால் நண்பர்கள் முன்னால் உங்களை மடக்கப் பார்ப்பார்கள். "நான், நான்!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தும் பையனை விட்டுவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

பெயரும் வகுப்பும் கேட்டால் போதும். மார்க், அப்பா என்ன வேலை என்பதெல்லாம் வேண்டாம். வாலண்டியரைக் கேலி செய்து சிரிப்பு வாங்குவது சுலபம், அதனால்தான் பலரும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் வாடியதும் அதன் பெற்றோர் மட்டுமல்ல, முன்வரிசை முழுக்க உங்களை விட்டு விலகிவிடும். பெரியவர்களை "ஐயா", "அக்கா", "அண்ணா" என்று கூப்பிடுங்கள், தொடாமல் நிற்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டுங்கள். நகை கடன் வாங்கும் ஐட்டங்களில் சங்கிலி, அதுவும் தாலிச் சங்கிலி, வேண்டவே வேண்டாம். ரூபாய் நோட்டில் கையெழுத்து வாங்கும் ஐட்டமும் எனக்குப் பிடிப்பதில்லை, நோட்டில் எழுதாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்லிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் படி இறங்கும்வரை பிள்ளையைக் கவனியுங்கள், கைதட்டல் அதுவரை நிற்கக் கூடாது.

பொருள்கள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கயிறு மென்மையான பருத்திக் கயிறாக இருக்கட்டும், உள்ளே திரி இருந்தால் உருவிவிடுங்கள். நைலான் வழுக்கும், வெட்டினால் முனை பிரிந்து நிற்கும். வளையம் மேடைக்கு 12 அங்குலம் இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும், எட்டு வாங்கினாலும் நாலைந்து போதும். நம் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. அதைவிடப் பெரிய, பளபளப்பான நாணயங்கள் மேஜிக் கடைகளில் கிடைக்கின்றன. துணி கைக்கு 18 அங்குலம், மேடையை நிறைக்க 36 அங்குலம். மெல்லிய பட்டாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் காஞ்சிபுரம் பட்டைக் கிழித்துவிடாதீர்கள், அது மடித்தால் கைக்குள் அடங்காது, வீட்டிலும் பிரச்சினை வரும்.

ஆளை இரண்டாக அறுப்பது போன்ற பெரிய பெட்டி ஐட்டம் ஒன்று வேண்டாமா?

முதல் ஷோவுக்கு வேண்டாம். லண்டனில் 1921 ஜனவரியில் பி.டி. செல்பிட் அதை மேடையேற்றியதிலிருந்து இன்றுவரை மவுசு குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒரு குட்டியானை வண்டி வாடகை, தூக்க இரண்டு ஆள், பழகிய உதவியாளர், தடுப்புள்ள மேடை எல்லாம் வேண்டும். சூட்கேஸ் ஷோ நூறு இடத்தில் கைகொடுத்த பிறகு யோசிக்கலாம்.

நெருப்பு, புறா, தண்ணீர்த் தொட்டி?

நெருப்பை நான் பள்ளிகளுக்குள் கொண்டுபோவதே இல்லை. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. துணிப் பந்தலுக்குக் கீழே ஃபிளாஷ் பேப்பரை (நொடியில் பற்றியெரியும் காகிதம்) கொளுத்தும் ஆபத்தை எந்த ட்ரிக்கும் நியாயப்படுத்தாது. புறா, முயல் எதுவானாலும் நிகழ்ச்சியில் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், 2001 முதல் விதி இருக்கிறது. துணிப் புறாவைப் பார்த்தும் பிள்ளைகள் கத்தத்தான் செய்கிறார்கள்.

உயிரைப் பணயம் வைக்கும் ஐட்டங்கள் பற்றி இரண்டு பெயர்கள் போதும். சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேடமிட்டுப் புகழ்பெற்ற அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், 1918-இல் லண்டன் மேடையில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் ஐட்டத்தில் சுடப்பட்டு இறந்தார். 2019 ஜூனில் சஞ்சல் லாகிரி, கைகால் கட்டிய நிலையில் கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் இறங்கினார், உயிரோடு வெளியே வரவில்லை. இருவரும் அனுபவசாலிகள்.

எப்படிப் பயிற்சி செய்வது? கண்ணாடி முன்னால் செய்தால் போதுமா?

கண்ணாடி விரல் பழக்கத்துக்கு மட்டும். அதிகம் பழகினால் மேடையிலும் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நீங்கள் பார்க்கும் இடத்தைத்தான் கூட்டமும் பார்க்கும். செல்போனை அறையின் இடது கோடியில் வைத்து ஒருமுறை, வலது கோடியில் வைத்து ஒருமுறை படம்பிடியுங்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஐட்டங்களைத் தனித்தனியாகப் பழகிய பிறகு, இடைவெளிகளை மட்டும் தனியாகப் பழகுங்கள்: கயிற்றின் கடைசி பத்து வினாடியும் வாளியின் முதல் பத்து வினாடியும். இதை யாரும் செய்வதில்லை. அப்புறம் முழு உடையில், அதே செருப்போடு, பாட்டோடு, நடுவில் நிறுத்தாமல் முழு ஓட்டம். எதையாவது கீழே போட்டால் நிறுத்தித் திரும்பச் செய்யாதீர்கள். போட்டதைச் சமாளிப்பதும் பயிற்சிதான். கடைசியாக அடுக்ககத்துப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள். அவர்களைவிடக் கறாரான விமர்சகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

மேடையில் ட்ரிக் சொதப்பிவிட்டால்?

என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாமல் இருந்தால் பாதிச் சொதப்பல் யாருக்கும் தெரியாது. துணி பச்சையாக வேண்டும் என்பது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? மஞ்சளாகவே நின்றுவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்ட தோல்வி என்றால் சிரித்துவிட்டு, ஒரே ஒரு வரி சொல்லி நகருங்கள். வாலண்டியர்மேல் பழி போடுவது மட்டும் கூடாது.

"நேரமாச்சு, 8 நிமிஷத்தில் முடிச்சிடுங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

இது நடக்கும் என்று வைத்துக்கொண்டே ரொட்டீனைக் கட்டுங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், பேச்சு நீளும், வெட்டு மேஜிக்குக்குத்தான் விழும். மேலே சொன்ன வரிசையில் 12 நிமிடம் என்றால் தடி, கயிறு, வாளி. 8 நிமிடம் என்றால் தடியும் வாளியும். இரண்டிலும் வாளியோடு முடியும் என்பதால், கடைசியில் நாணயங்களை மொத்தமாகக் கொட்டிச் சத்தத்தோடு முடிக்கும் ஒரு வழி தயாராக இருக்கட்டும். அப்போது உறையைத் தொங்கவிடவே கூடாது. ஷோ நடுவில் நடத்துபவர் முடிக்கச் சொல்லிக் கை காட்டினால் வளைய ஐட்டத்தை விட்டுவிட்டு நேராக உறைக்குப் போங்கள். அதற்கான பாட்டு எண்ணும் இயக்குபவரிடம் இருக்க வேண்டும்.

அரைகுறையாக நிறுத்துவது மட்டும் ஆகாது. 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி நேரலையில் சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியபோது, அவள் எழுந்து நிற்பதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்து ஒளிபரப்பு நின்றுவிட்டது. பெண் இறந்துவிட்டாள் என்று பயந்து மக்கள் பிபிசிக்குத் தொலைபேசியில் மொய்த்தார்கள். மறுநாள் பத்திரிகை எங்கும் சர்க்கார்தான், லண்டனில் அவருடைய ஷோவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. நமக்கு அப்படி யாரும் போன் பண்ண மாட்டார்கள். "பாதியில போயிட்டாரு" என்பார்கள், அவ்வளவுதான்.

யூடியூபில் பார்த்த ஒருவருடைய ரொட்டீனை அப்படியே செய்யலாமா?

ட்ரிக் பொது, அவருடைய வரிசையும் வசனமும் அவருடையது. பழகுவதற்குப் பின்பற்றுங்கள், மேடைக்கு வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே சக்தி இருப்பதாகக் காட்டிக்கொண்டால் ஷோவுக்கு நல்லதுதானே?

முன்கணிப்பு ஐட்டம் செய்துவிட்டு இறங்கினால் யாராவது ஒருவர் கட்டாயம் வருவார்: "பையனுக்கு எப்போ வேலை கிடைக்கும், பாத்துச் சொல்லுங்க." அவர் கண்ணைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். "இது பயிற்சிதான் ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) மேஜிக் தெரிந்தவர். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை மேடையில் செய்து காட்டி, எப்படிச் செய்தேன் என்றும் விளக்கினார். ஊர் ஊராகப் போனார். அவர் ரகசியத்தை உடைத்தது ஏமாற்றுக்காரர்களை அம்பலப்படுத்த. பொழுதுபோக்கு ஷோவில் நீங்கள் ரகசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை, சக்தி என்று பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் இருக்கும் வரை நடிப்பு, இறங்கினால் இல்லை.

ஷோ முடிந்ததும் உடனே செய்ய வேண்டியது என்ன?

வணக்கம் சொல்லிவிட்டு, செல்ஃபிக்கு நிற்பதற்கு முன்னால் சூட்கேசை மூடிப் பூட்டுங்கள். திரை விழுந்ததும் முப்பது பிள்ளைகள் மேடைக்கு ஓடி வருவார்கள், முதல் கை வளையத்தின்மேல்தான் விழும். கூட ஒருவரை அழைத்துப் போயிருந்தால் அவருக்கு அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், மேசைக்குப் பக்கத்தில் நின்றால் போதும். அப்புறம் வாளி நாணயங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு எப்போதும் மேடைப் பலகை இடுக்கில் கிடக்கும்.